சேலத்தில் ஒரு ரத்தநோய் கிளினிக்: மருந்தே எழுதாத டாக்டருக்கு எதற்கு ஃபீஸ்?

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். விளக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து. காத்திருக்க வைப்பதில் ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் டோக்கன் கொடுக்கும் பையன் முகம் கோணாமல் பேசுகிறான் என்பதற்காக. போன் எடுப்பதில் சைபர். ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், அடுத்த தேதிக்கும் அங்கேதான் போகப் போகிறோம். டவுனுக்குள் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து ஓ.பி. பார்க்கும் ரத்தநோய் டாக்டர் என்பது வரை சொன்னால் போதும்.

நோயாளி என் மாமனார். வயது 71. சிவதாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பட்டறைக் கணக்கு எழுதுவது நான் என்பதால் ஆஸ்பத்திரி ஃபைலும் என் கைக்கு வந்து சேர்ந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவருக்கு டி.சி. 38,400 என்று வந்தது. டி.சி. என்பது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. 4,000 முதல் 11,000 வரை இருந்தால் சரி. மனிதருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பு இளைக்கவில்லை. அன்று காலைகூடப் பட்டறையைத் திறந்து பாலிஷ் போடும் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுத்த லேப் இந்த ரிப்போர்ட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டது. கடைசியில் சிவப்பு எழுத்தில், லுகேமியா இருக்கிறதா என்று பார்க்கவும் என ஒரு வரி. திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒரு வரியை ராத்திரியில் அனுப்புகிறவர்கள் பேச ஒரு ஆளையும் வைத்திருக்க வேண்டும். சரி, இது அந்த லேப்பைப் பற்றிய விமர்சனம் இல்லை.

கண் டாக்டர்தான் இந்த ரத்தநோய் ஓ.பி.க்கு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் முந்தின நாளே கூடிப் பேசி, "அப்பாகிட்ட எதுவும் சொல்லக் கூடாது, டாக்டர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடணும்" என்று முடிவெடுத்திருந்தார்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. நோய் ஒருவருக்கு, ரிப்போர்ட் மற்ற எல்லோருக்கும்.

டோக்கன் காலை ஏழு மணிக்கே கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் ரயிலில் வந்து இறங்கி, வார்டில் ஒரு சுற்று முடித்து, ஓ.பி.யில் உட்காரப் பத்தரை, சில நாள் பதினொன்றரை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உட்காரும் ஹாலில் இரும்பு நாற்காலிகள், ஒரே ஒரு டி.வி., அதில் எப்போதும் சத்தமாக ஒரு சீரியல். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு: அதே ஹாலில் பொது மருத்துவரின் ஓ.பி.யும் நடக்கிறது. காய்ச்சல்காரர்கள், இருமல்காரர்கள், மூக்கு ஒழுகும் குழந்தைகள் எல்லோரும் ரத்தப் புற்றுநோய்க்காரர்களோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போனால் டாக்டர், "உங்களுக்குத் தொற்று சீக்கிரம் வரும், கூட்டத்தில் இருக்காதீர்கள்" என்கிறார். அந்தக் கூட்டத்தைக் கூட்டி வைத்திருப்பதே இவர்கள்தான்! நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். முகக்கவசப் பெட்டி ஒன்று கவுண்டரில் வந்தது. ஹால் மாறவில்லை. இப்போது மாமாவைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் மேலே இருந்து எங்கள் எண் நெருங்கும்போது கூப்பிடுகிறேன்.

இனி உள்ளே.

டாக்டருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஃபைலைத் திறக்கும் முன்பே மாமாவின் கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பு என்று தொட்டுப் பார்த்தார். கழுத்தில் இரண்டு பக்கமும் சின்னதாக நெறி கட்டியிருந்தது, வலி இல்லை. வயிற்றின் இடது பக்கம் அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, மாமாவிடமே கேட்டார்: "ஐயா, உங்க உடம்பைப் பத்தி நான் உங்ககிட்ட பேசட்டுமா, பிள்ளைங்ககிட்ட பேசட்டுமா?"

மாமா, "என்கிட்டயே பேசுங்க சார். என் பட்டறைக் கணக்கை நான் பார்க்காம யார் பார்த்தா?" என்றார். கணக்கு எழுதும் என் பக்கம் அவர் திரும்பவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அன்றைக்கு நோய்க்குப் பெயர் வைக்கவில்லை, சந்தேகம் என்று மட்டும் சொன்னார். உறுதி செய்ய ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். கை நரம்பிலிருந்து எடுக்கும் சாதாரண ரத்தம்தான். எலும்பு மஜ்ஜையில் ஊசி போடுவார்களோ என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். இந்த வகை நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அது தேவைப்படாது என்று நர்ஸ் அங்கேயே சொல்லிவிட்டார். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆனது. வந்த பெயர்: க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுகேமியா. சுருக்கமாக சி.எல்.எல்.

அந்த இரண்டாவது சந்திப்புக்காகத்தான் ஐந்துக்கு ஐந்து. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேசிக்கொண்டே தமிழில் எழுதிக்கொண்டு போனார். அந்தத் தாள் இப்போதும் ஃபைலில் இருக்கிறது.

லுகேமியா என்றதும் எல்லோர் மனதிலும் வருவது அக்யூட் வகை. அதில் முதிராத அணுக்கள் மஜ்ஜையை நிரப்பிவிடும், நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிலைமை மாறும், உடனே சேர்த்து மருந்து ஏற்ற வேண்டும். க்ரானிக் வகையில் அணுக்கள் ஏறக்குறைய முதிர்ந்தவை, ஆனால் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் சேர்ந்துகொண்டே போகும். சேர வருஷக்கணக்கில் ஆகும். சி.எல்.எல்.லில் அப்படிச் சேர்வது லிம்ஃபோசைட் என்னும் வெள்ளை அணுவில் பி வகை, அதாவது நோய்க்கு எதிராகப் புரதம் தயாரிக்க வேண்டிய வகை. அதனால்தான் எண்ணிக்கை ஏறினாலும் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது.

"வெள்ளை அணு யாருக்குக் கூடுனாலும் இந்த நோய்தானா சார்?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. டாக்டர் எங்கள் தொழில் என்ன என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. "சலங்கை முத்து அடிக்கிற அச்சு இருக்கில்ல ஐயா, ஒரு அச்சுல ஒரு சின்னக் கீறல் விழுந்துட்டா அதுல அடிச்ச முத்து எல்லாத்துலயும் அதே கீறல் இருக்கும். கிருமி வந்து கூடுற அணு பல அச்சுல வந்தது. உங்களோடது எல்லாம் ஒரே அச்சு" என்றார். அந்த ஒரே அச்சைத்தான் ரிப்போர்ட்டில் மோனோக்ளோனல் என்று போட்டிருந்தார்கள். அணுக்களின் மேல் ஒளிரும் சாயம் ஒட்டி, லேசர் வழியே ஒவ்வொன்றாக ஓட விட்டு, மேற்புறத்தில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று படிக்கிறது அந்த மெஷின். சி.டி.5, சி.டி.19, சி.டி.23 என்று வரிசையாக இருந்தவை அந்தப் புரதங்களின் பெயர்கள். இப்படி ஒரே அச்சில் வந்த பி அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000 அல்லது அதற்கு மேல், மூன்று மாதமாவது நீடித்திருந்தால் சி.எல்.எல். அதற்குக் கீழே இருந்து, நெறியோ வேறு தொந்தரவோ இல்லாவிட்டால் சி.எல்.எல். என்று சொல்ல மாட்டார்கள், கண்காணிப்போடு சரி. மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலும் மாமாவுக்கு எண்ணிக்கை இறங்கவில்லை.

ஸ்மியர் ரிப்போர்ட்டில் ஸ்மட்ஜ் செல் என்று ஒன்று இருந்தது, அதைப் பார்த்து நாத்தனார் அழுதிருந்தார். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்க்கும்போது இந்த அணுக்கள் நொய்மையாக இருப்பதால் நசுங்கிப்போகும், அந்தத் தடம்தான் அது. உடம்புக்குள் எதுவும் நசுங்கவில்லை.

அப்புறம் ஸ்டேஜ். நெறி கட்டியிருப்பதால் ராய் ஸ்டேஜ் 1 என்று எழுதினார். ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன காந்தி ராய் என்ற டாக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1975-இல் வகுத்த முறை. இதற்கு ஸ்கேன்கூட வேண்டாம், கையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் போதும். லிம்ஃபோசைட் மட்டும் கூடியிருந்தால் 0. நெறி இருந்தால் 1. மண்ணீரலோ ஈரலோ வீங்கினால் 2. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் 3. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் 4. மார்பிலோ குடலிலோ வரும் புற்றுநோயில் நாலாம் ஸ்டேஜ் என்றால் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது என்று அர்த்தம். ரத்தம் முதல் நாளே உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருப்பதுதானே, அதனால் அந்த அளவுகோல் இங்கே செல்லாது. இதை யாராவது ஹாலில் ஒரு போர்டில் எழுதி வைத்தால் புண்ணியமாகப் போகும். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் ஸ்டேஜ் என்ற ஒரு சொல்லுக்கே உயில் எழுதும் அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்க சார், மருந்து?" என்றார் மாமா.

"இப்ப வேண்டாம் ஐயா."

ஃபீஸ் கட்டி, மணிக்கணக்கில் காத்திருந்து, கேன்சர் என்று பெயரும் வாங்கிக்கொண்டு, மருந்து இல்லை என்றால் வீட்டில் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் கோயம்புத்தூருக்கோ வேலூருக்கோ போய்விடலாம் என்றார். வயதாகிவிட்டது என்று கைகழுவுகிறார்கள் என்பது நாத்தனாரின் கட்சி. டாக்டர் இதை எதிர்பார்த்தே பேசினார் என்று நினைக்கிறேன். தொந்தரவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, மருந்தின் பக்கவிளைவுதான் மிச்சம் என்றார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் கடைசி வரை மருந்தே தேவைப்படுவதில்லை என்றும் சொன்னார். வேறு இடத்தில் இன்னொரு கருத்து கேட்க விரும்பினால் தாராளமாகப் போய் வாருங்கள், ரிப்போர்ட் நகல் எல்லாம் தருகிறேன் என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு என் வீட்டுக்காரருக்குப் போகத் தோன்றவில்லை.

மருந்து எப்போது என்பதைத்தான் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே என்று விழத் தொடங்கினால். நெறியோ மண்ணீரலோ தொந்தரவு தரும் அளவுக்குப் பெருத்தால். லிம்ஃபோசைட் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால், அல்லது இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் கூடினால். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால். தொற்று எதுவும் இல்லாமலே இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், ஒரு மாதத்துக்கு மேல் ராத்திரியில் சட்டை நனையும் வியர்வை. டி.சி. இத்தனை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மருந்து தொடங்க மாட்டேன் என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார். அன்று முதல் மாமா பழைய வெள்ளி எடை போடும் மெஷினைத் தாண்டி, தன் எடையையும் மாதாமாதம் என்னை நோட்டில் எழுதச் சொல்கிறார்.

இன்னொரு விஷயத்துக்காகவும் இந்த ஓ.பி.யைப் பாராட்ட வேண்டும். ஃபிஷ் என்று ஒரு குரோமோசோம் பரிசோதனை, ஐ.ஜி.எச்.வி. என்று ஒரு மரபணுப் பரிசோதனை எல்லாம் இருக்கின்றன, இரண்டும் விலை கூடியவை. உறவுக்காரப் பையன் ஒருவன் இணையத்தில் படித்துவிட்டு "ஏன் எடுக்கலை?" என்று துளைத்தான். டாக்டர், "மருந்து தொடங்கும் நாள் வந்தால், அதற்கு முன்னால் கட்டாயம் எடுப்போம், எந்த மருந்து என்று அதை வைத்துத்தான் முடிவாகும். இன்று எடுத்தால் உங்களுக்குக் கவலை கூடும், நான் செய்யப் போவது மாறாது" என்றார். செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் அன்றே பணத்தைக் கட்டியிருப்போம். அந்தப் பையனுக்காக அவர் சொன்ன ஒன்றை நான் குறித்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் இது எல்லோரையும் குழப்பும்: ஐ.ஜி.எச்.வி. மியூட்டேட்டட் என்று வந்தால் நல்ல செய்தி. மாற்றம் அடைந்தது என்றால் கெட்டது என்று தோன்றும், இங்கே தலைகீழ், மியூட்டேட்டட் வகைதான் மெதுவாகப் போகும். அதே சமயம் 17-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்று ஃபிஷ்ஷில் வந்தால், அல்லது டி.பி.53 மரபணுவில் மாற்றம் என்று வந்தால், பழைய கீமோ சரியாக வேலை செய்யாது, மாத்திரைப் பக்கம் போக வேண்டும். இப்ரூட்டினிப், அகாலாப்ரூட்டினிப் மாதிரி தினமும் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு வகை. வெனெட்டோக்ளாக்ஸ் இன்னொரு வகை. அதை 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் படிப்படியாக 400-க்குக் கொண்டு போவார்களாம், எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் அணுக்கள் ஒரேயடியாகச் செத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஹாலில் நெடுநேரம் உட்கார்ந்ததில் ஒரு லாபம், மற்றவர்களின் கதைகள். ஓமலூர் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர், சி.எம்.எல்., அதாவது க்ரானிக் மைலாய்டு லுகேமியா. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், நோய் வேறு. அவருக்கு 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் பிறந்த பிலடெல்பியா குரோமோசோம். அந்த நோயில் காத்திருப்பெல்லாம் கிடையாது, கண்டுபிடித்ததும் இமாட்டினிப் மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். ரத்தத்தில் அந்தக் கோளாறு மரபணு 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட்டை எனக்குக் காட்டிச் சிரித்தார். மாத்திரை நின்றால் எல்லாம் போச்சு என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார்கள்: சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததால்தான் நம் நாட்டுக் கம்பெனிகளின் மலிவு மாத்திரை இவருக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவர் அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்குச் சொன்னார், நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரர் வருகிறார். ஹீமோகுளோபின் 19. மலையில் இருந்தால் ரத்தம் கெட்டியாகும் என்று வெகுநாள் விட்டுவிட்டாராம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான், அந்த உயரத்துக்கு இவ்வளவு ஏறாது என்று இங்கே சொல்லி, ஜாக்2 மரபணு பார்த்ததில் பாலிசைத்தீமியா வேரா, சிவப்பு அணுக்கள் அளவுக்கு மீறிச் சேரும் நோய். சுடுதண்ணீரில் குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கும் என்பதற்காக அவர் மாற்றிய சோப்புகளின் பட்டியல் பெரியது. அரிப்பும் அந்த நோயின் வேலைதான். இப்போது அவ்வப்போது ரத்தத்தை எடுத்து ஹீமட்டோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பிடிக்கும் பங்கை, 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள், கட்டி அடைக்காமல் இருக்கச் சின்ன டோஸ் ஆஸ்பிரின். "ரத்தம் எடுத்துட்டு இருபது கொண்டை ஊசி ஏறணும்மா, தலை சுத்துது" என்று கேட்டு, வரும்போது ஒரு டிரைவரை அழைத்து வரும்படி அறிவுரை வாங்கிக்கொண்டார். இதுவும் ரத்தப் புற்றுநோய்களில் ஒன்று என்று டாக்டர் சொன்னதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் தப்பு சொல்லத் தோன்றவில்லை. மிளகு பறிக்க ஏணி ஏறுகிற ஆள்.

ஆத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், ஸ்மோல்டரிங் மைலோமா, அதாவது மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இன்னும் பற்றாமல் புகைந்துகொண்டிருக்கும் நிலை. ரத்தத்தில் அந்த அணுக்கள் சுரக்கும் எம் புரதம் இருக்கிறது, ஆனால் கால்சியம், சிறுநீரகம், ஹீமோகுளோபின், எலும்பு நான்கிலும் சேதம் இல்லை. அவருக்கும் எங்களைப் போலவே கண்காணிப்பு. அவர் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, பதிலுக்கு இடம் விட்டு எடுத்து வருகிறார். அவருக்கு அடுத்த டோக்கன் மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்று பையன் எல்லோரிடமும் சொல்வான், அந்த டோக்கன்காரர்தான் காத்திருந்து மாட்டிக்கொள்வார்.

இனி குறைகள். ரிப்போர்ட்டின் அளவு முறை. இவர்கள் லேப்பில் டி.சி. 38,400 என்று வரும். ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு வெளியே ஒரு லேப்பில் எடுத்தபோது 41.0 என்று வந்தது. மாமா பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்: "முப்பத்தெட்டாயிரம் நாப்பத்தொண்ணா இறங்கிருச்சு கண்ணு!" அங்கே ஆயிரத்தின் மடங்கில் போடுகிறார்கள், 41.0 என்றால் 41,000. இதையும் இந்த ஓ.பி.யில் யாரும் எச்சரிக்கவில்லை. அதோடு, ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் 80 சதவீதம் என்று மட்டும் தடித்த எழுத்தில் வரும். பார்க்க வேண்டியது சதவீதம் இல்லை, எண்ணிக்கை. டி.சி.யைச் சதவீதத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும்: முதல் ரிப்போர்ட்டில் 38,400-இல் 78 சதவீதம், ஏறக்குறைய 30,000. இப்போது 41,000-இல் 80 சதவீதம், 32,800. பல மாத இடைவெளியில் இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. இரட்டிப்பாகும் காலத்தை இந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு வரி கூடுதலாகப் போடுவது பெரிய வேலையா?

போன். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள் என்று நர்ஸ் ஒரு நம்பர் கொடுத்தார். நன்றி. ஒரு முறை மாமாவுக்கு 101 வந்தபோது அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. நேராக அவசரப் பிரிவுக்கே கொண்டு போனோம், அங்கே இருந்த இளம் டாக்டரிடம் சி.எல்.எல். என்று சொன்னதும் ரத்தம் எடுத்து ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டார், அதுவரை நல்லது. நம்பரை எடுக்க ஆள் போடாத வரைக்கும் அதை யாருக்கும் கொடுக்காமல் இருக்கலாம்.

பில்லிங்கில் ஒவ்வொரு முறையும் கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் சேர்ந்த பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டாக்டர் எழுதியது ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. மட்டும் என்றால் சி.பி.சி. மட்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இரண்டு முறை சொன்னால் மாற்றிவிடுவார்கள்.

நர்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசி விஷயம் முழுக்க அவர் கையில். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, அக்கிக்கு இப்போது வந்திருக்கும் உயிரில்லாத வகை ஊசி என்று ஒரு அட்டையில் எழுதி, உயிருள்ள கிருமி வகை ஊசி எதுவும் வேண்டாம் என்று சிவப்பில் போட்டிருக்கிறார். பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு தினமும் கொடுக்கலாமா என்று நாத்தனார் கேட்டபோது சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ரிப்போர்ட்டைத் திருப்பி, "இவருக்குப் பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல இருக்குங்கம்மா, எதுக்கு ஏத்தணும்?" என்றார். அந்த ஜூஸ் அன்றோடு நின்றது, மாமா அந்த நர்ஸை ஆசீர்வதித்தார்.

கண்புரை ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம் என்று கண் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார், இரண்டு கண்ணும் முடிந்தது. மாமா இப்போது கொலுசில் கண்ணி பிசகியிருந்தால் கண்ணாடி இல்லாமலே பிடிக்கிறார். பையன்களுக்குத்தான் சங்கடம்.

யாருக்கு இந்த இடத்தைச் சொல்வேன்? ரிப்போர்ட்டில் க்ரானிக், இன்டொலன்ட், லோ கிரேடு, ஸ்மோல்டரிங் என்று ஏதாவது ஒரு சொல் வந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்டொலன்ட் என்பதும் மெதுவாக நகர்வது என்ற பொருளில்தான் போடுகிறார்கள், பெரும்பாலும் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் ரிப்போர்ட்டுகளில். அக்யூட் என்று வந்தவர்கள் வாரம் ஒரு நாள் ஓ.பி.க்குக் காத்திருக்கவே கூடாது, முழுநேர ரத்தநோய்ப் பிரிவு இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே போய்விட வேண்டும். இங்கே வந்தாலும் அவர்களே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து அனுப்பிவிடுகிறார்கள், ஒரு பையனை அப்படி அனுப்பியதைப் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: பழைய ரத்த ரிப்போர்ட்டுகள் எத்தனை வருஷத்துக்கு முந்தியவையாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குச் சர்க்கரை பார்த்தபோது எடுத்த சி.பி.சி. ஒன்று வீட்டில் கிடைத்தது, அதிலேயே டி.சி. 14,000 இருந்திருக்கிறது. டாக்டருக்கு அந்தத் தாள்தான் மற்ற எல்லா ரிப்போர்ட்டையும்விடப் பிடித்திருந்தது. டோக்கனுக்கு ஏழு மணிக்கு முன்னால் ஒருவர் போனால் போதும், நோயாளி பத்து மணிக்கு வந்தால் போதும். மாடிக்கு லிஃப்ட் உண்டு, ஆனால் ஸ்ட்ரெச்சர் வந்தால் இறக்கிவிடுவார்கள். பார்க்கிங் பத்துக் கார்களுக்குத்தான் இடம், எட்டு மணிக்குள் நிரம்பிவிடும். கீழே இருக்கும் கேன்டீனில் காப்பி வேண்டாம், எதிர்ச்சாரியில் ஒரு தள்ளுவண்டியில் சாயந்திரம் தட்டுவடை செட் நன்றாக இருக்கும். டாக்டர் முடிக்க எப்படியும் அந்த நேரம் ஆகிவிடும்.